நாய்க்கடி, ஊசி, தூங்கவிடாத பயம்: ரங்கூன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் தெருநாய் படுத்திருக்காத சந்து கிடையாது. பயா என்னும் புத்தர் கோயில் வாசலில் படுத்திருக்கும், சாயாக் கடை மேசைக்கு அடியில் சுருண்டிருக்கும், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தலாவுக்குப் படகேறி இறங்கினால் துறையிலிருந்து கூடவே நடந்து வரும். பொங்கிகள் என்னும் பௌத்தத் துறவிகள் சோறு வைக்கிறார்கள். பர்மியக் குடும்பங்கள் புண்ணியம் என்று வைக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களும் பைரவர் வாகனம் என்று ஒரு பிடி வைக்காமல் விடுவதில்லை. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்த நாய்களில் ஒன்று கடித்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் என் கவலை.

அனவ்ரதா வீதிக்கு அருகே ஒரு சிறிய கிளினிக்கில் 26 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தேன். இரத்தம் வழிந்தும் “சின்னக் கடிதானே” என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்குட்டி ஒன்று செருப்பை முகர்ந்ததற்காக மாதக்கணக்கில் தூக்கம் இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலாமவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பயம் வேண்டும். இரண்டாமவர்களுக்குப் பயத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டாலும் காளி கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் தொலைபேசியிலும் கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அக்கா, இப்போதுதான் கடித்தது. முதலில் என்ன செய்ய?

குழாயடிக்குப் போங்கள். மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பே போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். துணி துவைக்கும் மஞ்சள் சோப்பு போதும். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் பக்கத்து வீட்டுப் பையனின் கெண்டைக்காலைக் கழுவியபோது அவன் பாட்டி இரண்டு நிமிடத்திலேயே “போதும், பிள்ளை துடிக்கிறான்” என்று குழாயை அடைத்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடி திறந்தேன். பல் பதிந்த நான்கு குழிகளிலும் விரலால் நுரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். பையன் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏன் சோப்பு? வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் வைரஸுக்குக் கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போன வைரஸால் நோய் உண்டாக்க முடியாது. காயத்தில் புகுந்த வைரஸ் நரம்பைப் பிடிப்பதற்குள் அதன் எண்ணிக்கையைக் குறைப்பது பாதி வைத்தியம்.

கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், மஞ்சள், தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து, எதையும் வைக்காதீர்கள். இவை காயத்தைப் புண்ணாக்கி வைரஸை உள்ளே தள்ளத்தான் உதவும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போட வேண்டிய பெரிய காயமாக இருந்தால், இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயாரான எதிர்ப்பொருள் மருந்து) போட்ட பிறகு தைக்கலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். கழுவி முடித்து அன்றைக்கே ஊசிக்குப் போங்கள், நாளைக்கென்று வைக்காதீர்கள்.

டிடி ஊசி போட்டாயிற்று. அது போதாதா?

போதாது. டிடி ஊசி வேறு நோய்க்கானது, அதாவது தசைவிறைப்பு நோய்க்கு. நாய்க்கடிக்கு அதுவும் தேவைப்படலாம். ஆனால் ரேபிஸைத் தடுக்க அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பெகு பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 7 வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் கன்னத்தில் நாய் கடித்திருக்கிறது. அப்பா உடனே ஊரிலிருந்த ஒரு கம்பவுண்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார். “ஊசி போட்டோமே அம்மா, ஊசி போட்டோமே” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த சீட்டில் டிடி என்றுதான் இருந்தது. பையன் தண்ணீர் கேட்டான். தம்ளரைக் கிட்டே கொண்டுபோனதும் அவன் கழுத்துத் தசைகள் வெட்டி இழுத்தன. மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டபோதும் அப்படியே இழுத்தன. விசிறியை நிறுத்திவிட்டு வேறு எதுவும் செய்ய இயலாமல் நின்றேன். அந்த அப்பா அலட்சியக்காரர் அல்லர், கடித்த நாளிலேயே ஓடியவர். அவரிடம் ஒரு சொல் தவறாகச் சொல்லப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே ஊசி போட்டதும் “இது எந்த ஊசி?” என்று கேளுங்கள். சீட்டில் ரேபிஸ் தடுப்பூசி என்று எழுதி வாங்குங்கள். பர்மியில் கேட்க வேண்டுமானால் இந்த நோய்க்கு “க்வே யூ ப்யான்” என்று பெயர்.

எந்தக் காயத்துக்கு ஊசி வேண்டும், எதற்கு வேண்டாம்?

உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. நாயைத் தொட்டது, சோறு வைத்தது, புண்ணில்லாத நல்ல தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. இதற்கு ஊசியே வேண்டாம், கையைக் கழுவினால் போதும். இரத்தம் வராத சிறு கீறல், பல்லால் தோலை லேசாகக் கவ்வியது இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், புண்ணின் மேல் நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது, வௌவாலுடன் நேர்ந்த தொடர்பு எல்லாம் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு காயத்தில் இம்யூனோகுளோபுலினும் வேண்டும்.

இரத்தம் வந்ததா என்று தெரியவில்லையா? கடிபட்ட இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. சுரீர் என்று எரிந்தால் தோல் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது ஒரு கைக்கணக்குதான். எரியவில்லை என்பதற்காகக் கண்ணுக்குத் தெரிகிற கீறலை விட்டுவிடக் கூடாது.

ஈரமான தெருவில் வெறுங்காலோடு நடந்தேன். கொடியில் காயும் துணியை நாய் முகர்ந்தது. பக்கத்தில் நாய் தும்மியது. இதற்கெல்லாம்?

இதற்கெல்லாம் ஒன்றும் வேண்டாம். உடலுக்கு வெளியே இந்த வைரஸ் மிகவும் பலவீனமானது. எச்சில் காய்ந்தால் செத்துவிடும், வெயில் பட்டால் செத்துவிடும். புண்ணில்லாத தோலை அதனால் துளைக்க முடியாது. நாய் நடந்த தரையிலிருந்தும், துணியிலிருந்தும், கதவுப் பிடியிலிருந்தும் மனிதனுக்கு ரேபிஸ் வருவதில்லை. வருவதெல்லாம் ஏறக்குறைய எப்போதும் கடியிலிருந்துதான். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமாகவே வருகிறது.

ஒருவரைத் தொட்டதாலோ ஒரே தட்டில் சாப்பிட்டதாலோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாக உறுதிப்பட்டதில்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சையிலும் கண் கருவிழி மாற்றிலும் மட்டுமே பரவியிருக்கிறது.

நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்கிறார்களே?

இந்தப் பாதி உண்மை பல உயிர்களை வாங்கியிருக்கிறது. நாய், பூனை இரண்டுக்கும் நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே எச்சிலில் வைரஸ் வரும். குறி தெரிந்தபின் சில நாட்களில் விலங்கு செத்துவிடும். அதனால்தான் கடித்த நாய் 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மீதி ஊசிகளை நிறுத்திவிடலாம்.

ஆனால் பர்மா போல நோய் நிலைத்திருக்கும் நாட்டில் முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டுதான் நாயைப் பார்க்க வேண்டும். காத்திருந்து பார்க்கக் கூடாது. கட்டிப்போட்ட வீட்டு நாய் என்றால் பார்க்கலாம். தெருநாயை எங்கே போய்த் தேடுவது? நேற்று அதே மூலையில் பார்த்த பழுப்பு நாய்தான் கடித்த நாயா, அதன் தம்பியா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் ஊசியை முழுவதும் போட்டு முடியுங்கள்.

வெறி பிடித்த நாய் எப்போதும் குரைத்துக்கொண்டு பாய்ந்து வராது என்பதையும் நினைவில் வையுங்கள். தாடை தொங்கி, வாயில் நீர் வடிய, கால் இழுத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருப்பதும் உண்டு. பரிதாபப்பட்டு வாயில் எலும்பு சிக்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தவர் ஒருவரைத் தெரியும். நல்லவேளை, அன்று மாலையே ஊசிக்கு வந்துவிட்டார்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று என் அம்மா சொல்லி அழுகிறார். உண்மையா?

உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை, அவர் காலத்தில் அப்படித்தான் இருந்தது. டேவிட் செம்பிள் என்பவர் 1911இல் இமயமலை அடிவாரத்தில் உள்ள கசௌலியில் உருவாக்கிய தடுப்பூசி அது. ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்தார்கள். ஒவ்வொரு முறையும் நிறைய மருந்து ஏற்ற வேண்டியிருந்ததால் வயிற்றின் அகன்ற தோலைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் பெயரே பல குடும்பங்களில் நாய்க்கடி ஊசிக்கு மறுபெயராக இருந்தது. அந்த ஊசியில் இருந்த மூளைத் திசு சிலருக்கு நரம்பு மண்டலத்தில் அழற்சியை உண்டாக்கியது. நாய்க்கடி ஊசி ஆபத்தானது என்று நம் குடும்பங்களில் இன்றும் உலவும் பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தியா அதை 2004இல் நிறுத்திவிட்டது. இப்போது போடுவது வேறு மருந்து. வெரோ என்ற குரங்குச் செல்களிலோ கோழிக்கரு செல்களிலோ வளர்த்து, கொன்று, சுத்திகரித்த வைரஸ். கையின் மேற்புறத் தசையிலோ தோலுக்குள்ளோ போடுவார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தொடையில். புட்டத்தில் மட்டும் போடக் கூடாது, அங்கே போட்டால் பலன் குறைகிறது.

எத்தனை ஊசி, எந்தெந்த நாள்?

மருத்துவர் சொல்வதே கணக்கு. பொதுவாகத் தசையில் போட்டால் முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7ஆம் நாட்களிலும், பிறகு 14க்கும் 28க்கும் இடையில் ஒரு நாளிலும் ஆக நான்கு. சில இடங்களில் 14, 28 இரண்டிலும் போட்டு ஐந்தாக்குவார்கள். தோலுக்குள் போட்டால் 0, 3, 7ஆம் நாட்களில் ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில்.

ஒரு நாள் தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதே கம்பெனி மருந்து கிடைக்கவில்லை என்றால் வேறு கம்பெனி மருந்தில் முடிக்கலாம். கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இனி என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள். நோய்க்குறி வராத வரை ஊசி பயன்படும்.

இம்யூனோகுளோபுலின் என்பது என்ன? விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

தடுப்பூசி போட்டபின் உடல் தானாக எதிர்ப்பொருள் செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியைக் காக்க, ஏற்கனவே தயாரான எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயே ஏற்றுவது இது. மனித இரத்தத்திலிருந்து எடுத்ததானால் உடல் எடையில் கிலோவுக்கு 20 அலகு, குதிரையிலிருந்து எடுத்ததானால் 40 அலகு. வாழ்நாளில் ஒரே முறைதான் தேவைப்படும். முதல் தடுப்பூசி போட்ட 7 நாளுக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால், உடல் தானாகச் செய்யத் தொடங்கிய எதிர்ப்பொருளுக்கு இடைஞ்சலாகும்.

கிடைக்கவில்லை, அல்லது வாங்க முடியவில்லை என்றால்? கழுவுவதை இன்னும் கவனமாகச் செய்து, தடுப்பூசியை உடனே தொடங்குங்கள். இது இல்லை என்று அதையும் விட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

ஏற்கனவே இரண்டு முறை முழுக் கோர்ஸ் போட்டவன் நான். மறுபடி கடித்துவிட்டது. மறுபடி போட்டால் உடம்புக்குக் கெடுதலா?

கெடுதல் இல்லை. இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

ஊசியில் உள்ளது செத்த வைரஸ். அது உடம்பில் பெருகாது, சேராது, பழைய ஊசியோடு கூடி விஷமாகாது. அதனால் ரேபிஸ் வருவதற்கும் வழியே இல்லை. ஒருமுறை முழுமையாகப் போட்டவரின் உடம்பு அந்த வைரஸின் முகத்தை நினைவில் வைத்திருக்கிறது. எத்தனையோ ஆண்டு கழித்து ஓர் ஊசி போட்டாலும் அந்த நினைவு விழித்துக்கொண்டு சில நாட்களில் எதிர்ப்பொருளைப் பெருக்கிவிடும். அதனால்தான் மறுமுறை கடிபட்டவருக்கு முழுக் கோர்ஸ் தேவையில்லை. 0, 3ஆம் நாட்களில் இரண்டே ஊசி போதும். இம்யூனோகுளோபுலின் அறவே வேண்டாம். முந்தைய கோர்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், காயத்தைக் கழுவினால் போதும், ஊசியே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிப்பவர்கள், ஆய்வுக்கூடத்தில் இந்த வைரஸோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்கள்தாம்.

பக்க விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் வரும். சிலருக்கு ஓரிரு நாள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. மனித செல்லில் வளர்த்த ஒரு பழைய வகைத் தடுப்பூசியை மறுபடி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய 6 சதவீதம் பேருக்கு, சில நாட்கள் கழித்து உடம்பெங்கும் தடிப்பு, மூட்டுவலி, காய்ச்சல் வந்ததுண்டு. தானாகவே அடங்கிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை. வெரோ செல், கோழிக்கரு மருந்துகளில் இது அரிது. முட்டை சாப்பிட்டால் மூச்சு திணறும் அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறு வகை போடுவார்கள். ஆனால் உண்மையான கடிக்குப் பிறகு, எந்த ஒவ்வாமையும் ஊசியைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது. ரேபிஸ் வந்துவிட்டால் மருந்தில்லாத நோய்.

அப்படியானால் சந்தேகம் வரும்போதெல்லாம் போட்டுக்கொள்ளலாமே?

ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வயது முப்பதுக்குள். பிளாஸ்டிக் உறையில் மடித்துவைத்த ஊசி அட்டையை என் முன் விரித்தான். நீல மையில் வரிசையாகத் தேதிகள். 14 மாதத்தில் 11 ஊசி. ஒரு கடிகூட இல்லை. சந்தையில் ஒரு குட்டி காலை நக்கியது முதல் கோர்ஸ். மழையில் நாய் உதறியபோது முகத்தில் துளி பட்டதோ என்று இரண்டாவது. மூன்றாவதற்கு அவனாலேயே காரணம் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிளினிக்குக்குப் போய், முன்பு போட்டதை மறைத்திருக்கிறான். “அக்கா, இத்தனை ஊசி போட்டதால் எனக்கு ஏதாவது ஆகுமா?” இப்போது அவன் பயம் நோயிலிருந்து ஊசிக்கே தாவியிருந்தது.

அவனிடம் சொன்னேன்: தம்பி, ஊசியால் உனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஊசி வைரஸைத்தான் தடுக்கும், பயத்துக்கு அது மருந்தில்லை. ஒவ்வொரு ஊசியும் உனக்கு இரண்டு நாள் நிம்மதி கொடுத்தது. மூன்றாம் நாள் மனம் இன்னும் பெரிய உத்தரவாதம் கேட்டது. பயத்துக்குத் தீனி போட்டு அடக்க முடியாது, அது வளரும். அதோடு நீ வாங்கிய 11 ஊசிக்காக எந்த ஊரில் எந்தக் குழந்தை காத்திருந்ததோ என்று யோசி என்றும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவன் ஏற்கனவே போதுமான அளவு தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தான்.

கை மதமதக்கிறது, தொண்டை அடைக்கிறது. எனக்கு வந்துவிட்டதா?

கடியே இல்லாதவருக்கும், கோர்ஸ் முடித்தவருக்கும் என் பதில் இதுதான். ரேபிஸ் காய்ச்சலோடும் கடிபட்ட இடத்தில் வலி, கூச்சத்தோடும் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அது நின்று காத்திருக்கும் நோய் அல்ல. குறி தொடங்கிவிட்டால் நாளுக்கு நாள் மோசமாகி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். மூன்று மாதமாக மதமதப்பு இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த மூன்று மாதமே அது ரேபிஸ் இல்லை என்பதற்குச் சாட்சி.

கடிக்கும் குறிக்கும் இடையில் வழக்கமாக இரண்டு மூன்று மாதம். ஒரு வாரமாகவும் இருக்கலாம், ஓராண்டாகவும் இருக்கலாம். முகத்திலும் கையிலும் கடித்தால் மூளைக்கு வழி குறுகியது, நரம்பும் அதிகம், அதனால் சீக்கிரம் வரும். ஓராண்டைத் தாண்டி வருவது மிக அரிது.

அந்த ஜவுளிக் கடைத் தம்பி இரவு மூன்று மணிக்கு எழுந்து, தலைமாட்டில் வைத்த தம்ளரிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பான். விழுங்க முடிந்தால் படுப்பான். பயத்தில் தொண்டை தானாக இறுகும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவான். உங்களில் யாராவது இப்படிச் சோதித்துக்கொண்டிருந்தால், உங்கள் வேதனை உண்மையானது என்று நான் நம்புகிறேன். அதற்குச் சிகிச்சை உண்டு. திரும்பத் திரும்ப நினைப்பதும் சோதிப்பதும் நிற்காத பதற்றத்துக்கு மனநல மருத்துவரிடம் பேச்சுச் சிகிச்சையும் மாத்திரையும் இருக்கின்றன. இதைப் பைத்தியம் என்று சொல்லிக் குடும்பத்தில் மூடி மறைப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் காரியம். தம்பி போனான். முதலில் தம்ளரைத் தலைமாட்டிலிருந்து எடுத்து அடுக்களையில் வைக்கச் சொன்னார்களாம். முதல் வாரம் தூங்கவே இல்லை என்றான். ஒரு மாதம் கழித்துத் தம்ளரைப் பற்றிப் பேச மறந்துவிட்டான்.

வீட்டில் ஒருவர் இப்படிப் பயப்படுகிறார். நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

கேலி செய்யாதீர்கள். அதே சமயம் ஒரு நாளைக்கு இருபது தடவை “ஒன்றும் இல்லை” என்று உறுதி சொல்லவும் வேண்டாம், அது அவருக்கு இன்னோர் ஊசி போலத்தான். ஒருமுறை தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, “இதற்கு ஏற்கனவே பதில் சொல்லிவிட்டேன், வா, கடைக்குப் போய் வரலாம்” என்று அழைத்துக்கொண்டு போங்கள். இரவில் மொபைலில் ரேபிஸ் என்று தேடிக்கொண்டே இருப்பதை நிறுத்த உதவுங்கள்.

கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் இரண்டும் கர்ப்பத்தில் பாதுகாப்பானவை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். எய்ட்ஸ் வைரஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சிறு கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் போடுவார்கள். மலேரியாவுக்குக் குளோரோகுயின் எடுப்பவரும் சொல்லுங்கள், தோலுக்குள் போடும் ஊசியின் பலனை அது குறைக்கலாம்.

பத்தியம் உண்டா?

இல்லை. மீன், இறைச்சி, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். குளிக்கலாம்.

தினமும் மின்வெட்டு. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

இது நியாயமான பயம். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது. அதனால் மருந்துக் கடையில் வாங்கி வீட்டு ஃபிரிட்ஜில் அடுத்த ஊசிக்காகச் சேர்த்துவைக்காதீர்கள். ஜெனரேட்டரோ பேட்டரியோ உள்ள இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் மருந்தை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நல்ல இடத்தில் ஐஸ் பெட்டியையும் வெப்பமானியையும் எடுத்துக் காட்டுவார்கள். கேள்விக்குக் கோபப்படும் இடத்தை நான் தவிர்ப்பேன். தோலுக்குள் போட ஒரு குப்பியைப் பல பேருக்குப் பிரித்தால், திறந்தபின் குளிரில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பொப்பா மலையில் குரங்கு கீறியது. எலி கடித்தது. பூனை பிறாண்டியது. மாட்டுப் பால்?

குரங்கு, பூனை இரண்டையும் நாய் போலவே எடுத்துக்கொள்ளுங்கள்: கழுவுதல், ஊசி. குரங்குக்கு 10 நாள் கணக்குப் பொருந்தாது, ஊசியை முழுவதும் போடுங்கள். பொப்பாவில் குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பறிக்கும், விட்டுக்கொடுத்துவிடுவதே நல்லது. எலி, பெருச்சாளி, அணில் மூலம் மனிதருக்கு ரேபிஸ் வருவது மிக மிக அரிது. பொதுவாக ஊசி தேவையில்லை, புண்ணைக் கழுவி டிடி பற்றிக் கேளுங்கள். நாய் கடித்த மாட்டின் பாலைக் குடித்துவிட்டோம் என்று ஒரு தெருவே கிளம்பி வந்திருக்கிறது. காய்ச்சிய பாலில் வைரஸ் உயிரோடு இருக்காது. பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள்.

ஊசி அட்டை தொலைந்துவிட்டது. எத்தனை போட்டேன் என்று நினைவில்லை.

போட்ட கிளினிக்கின் பதிவேட்டில் இருக்கும், கேளுங்கள். முன்பு குறைந்தது இரண்டு ஊசியாவது போட்டதற்குச் சான்று இருந்தால்தான் இரண்டு ஊசிக் கணக்குச் செல்லும். சான்றே இல்லை என்றால், இதுவரை போடாதவர் போல முழுக் கோர்ஸ் போடுவார்கள். கூடுதலாகப் போவதால் கெடுதல் இல்லை என்று மேலே சொன்னேன். இனிமேல் ஊசி போட்ட அன்றே அட்டையை மொபைலில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். தேதி, மருந்தின் பெயர், தசையிலா தோலுக்குள்ளா, எந்தக் கை என்ற நான்கும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.